ஊர்க்கடலுக்குத் திட்டம் வகுப்பது எப்படி? வடசென்னைச் சிறுபடகு மீனவர்களுக்கு ஒரு வழிகாட்டி

காசிமேட்டிலிருந்து திருவொற்றியூர், எண்ணூர் வழியாகப் பழவேற்காடு வரை நீளும் கரையில், ஃபைபர் படகிலும் கட்டுமரத்திலும் தொழிலுக்குப் போகும் குப்பங்கள் தத்தம் கடலையும் கழியையும் (உப்பங்கழி) தாங்களே கணக்கெடுத்து, தாங்களே விதி வகுத்து, தாங்களே நடத்துவதற்கான முறைகளை இக்கட்டுரை விளக்குகிறது. ஊர்ப் பஞ்சாயத்து நிர்வாகிகள், மீனவர் கூட்டுறவுச் சங்கத்தினர், மீன் விற்கும் பெண்களின் குழுக்கள், படித்துவிட்டு ஊரில் இருக்கும் இளைஞர்கள் ஆகியோரை மனத்தில் கொண்டு இது எழுதப்பட்டுள்ளது.

கிழக்குக் கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள் விசைப்படகுகளுக்குத் தடை இருக்கிறது. தமிழகத்தில் 2001-இல் 45 நாள்களாகத் தொடங்கி, 2017 முதல் 61 நாள்களாக நீட்டிக்கப்பட்ட இந்தத் தடையால் பயன் உண்டு, அதில் ஐயமில்லை. ஆனால் எல்லா மீனும் அந்த இரண்டு மாதத்திலேயே சினை வைப்பதில்லை. சினை முற்றுவதும் குஞ்சு பொரிப்பதும் நீரின் சூடு, மழைநீரின் வரத்து, இரையின் அளவு ஆகியவற்றைப் பொறுத்தவை. இவை ஆண்டுக்கு ஆண்டு இடம் மாறிக்கொண்டிருக்கும்போது, தேதியை மட்டும் நம்பி மீனைக் காக்க முடியாது. மீன் காட்டும் அடையாளத்தைப் பார்த்து ஒரு இடத்தை மூடவும் திறக்கவும் வேண்டும். அப்படிச் செய்ய ஊரிடம் சொந்தக் கணக்கு இருக்க வேண்டும். கீழே சொல்லப்படும் எல்லா வேலைகளும் இதை நோக்கியவையே.

காரணங்களைப் பிரித்து எழுதுவது

முதல் கூட்டத்திலேயே செய்ய வேண்டியது, ஊரார் சொல்லும் மாற்றங்களை ஒரு பெரிய தாளில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் காரணம் எது என்று பிரிப்பது. இந்தியப் பெருங்கடலின் மேற்பரப்பு 1950-க்கும் 2020-க்கும் இடையில் நூற்றாண்டுக்கு 1.2 டிகிரி செல்சியஸ் என்ற வேகத்தில் சூடேறியிருக்கிறது. வங்கக் கடலில் பேராறுகள் கொண்டுவரும் நன்னீர் மேலே ஒரு படலம்போல் தங்குவதால் அடியிலுள்ள குளிர்ந்த, சத்து மிகுந்த நீர் எளிதில் மேலே வருவதில்லை. மேலே தேங்கும் சூடு புயலுக்கு வலுவூட்டுகிறது. ஒரு காலத்தில் கேரள, கர்நாடகக் கரைகளின் மீனாகவே அறியப்பட்ட நெய் மத்தி, 1980-களுக்குப் பிறகு சோழமண்டலக் கரையிலும் பெருமளவில் படத் தொடங்கியதை மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் பதிவு செய்துள்ளது. இவற்றை ஊரால் மாற்ற முடியாது. இவற்றுக்கு ஏற்பத் தொழிலை மாற்றிக்கொள்ளத்தான் முடியும்.

வேறு சில மாற்றங்களுக்கு வெப்பம் காரணமில்லை. இக்கரையில் மணல் ஆண்டின் மொத்தக் கணக்கில் தெற்கிலிருந்து வடக்கே நகர்வது. சென்னைத் துறைமுகத்தின் தடுப்புச் சுவர் அதை மறித்ததால்தான் தெற்கே மெரினா அகன்றது, வடக்கே இராயபுரமும் திருவொற்றியூரும் கரையை இழந்தன. கொசஸ்தலை ஆற்றில் படிந்த நிலக்கரிச் சாம்பல், அனல்மின் நிலையங்களின் சூடான நீர், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர்க் கழியில் கலந்த எண்ணெய், இறால் தங்கும் சேற்றை மூடிப் படரும் காக்கா ஆழி என்ற அயல்நாட்டு மட்டி ஆகிய எல்லாமே மனிதர் செயலால் வந்தவை. இவற்றைப் பருவநிலை மாற்றத்தின் கணக்கில் எழுதிவிட்டால் பதில் சொல்ல வேண்டியவர் எவரும் இல்லாமல் போய்விடுவார். ஆகவே இந்தப் பிரிவினையை மிகுந்த கவனத்தோடு செய்ய வேண்டும். மூன்றாவதாக, நம் வலையால் நேர்பவை இருக்கின்றன. வலையின் கண்ணி (துளை) சிறுத்துக்கொண்டே வந்தது, ஒரே பாரில் (கடலடிப் பாறைத் திட்டு) படகுகள் குவிவது, அறுந்த தங்கூசி (நைலான் இழை) வலையைக் கடலிலேயே விட்டுவருவது ஆகியவை ஊரின் கையில் உள்ளவை. ஊர்த் திட்டம் இங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

குறிப்பேடு

இந்தத் திட்டத்தின் உயிர் குறிப்பேட்டில் இருக்கிறது. எல்லாப் படகையும் எழுத முயல வேண்டாம். அப்படித் தொடங்கும் கணக்கு வெகுகாலம் ஓடாது. வெவ்வேறு வலை போடும் ஐந்தாறு படகுகளைத் தேர்ந்து, அவை கரை சேரும்போது ஒருவர் நின்று எழுதினால் போதும். எழுத வேண்டியவை: புறப்பட்ட நேரமும் திரும்பிய நேரமும், வலையின் வகை, கண்ணியின் அளவு, வலையின் நீளம், வலை கடலில் கிடந்த நேரம், போட்ட இடமும் ஆழமும், செலவான எரிபொருள், வகை வகையாகப் பட்ட எடை, ஏலத்தில் கிடைத்த விலை, வீசிய காற்று, ஓடிய வெள்ளம் (நீரோட்டம்), நீரின் நிறம். வாடை, கொண்டல், கச்சான் என்று ஊர் வழங்கும் பெயர்களிலேயே காற்றையும், வன்னி, தெண்டி என்ற பெயர்களிலேயே நீரோட்டத்தையும் எழுதுங்கள். தெற்கேயிருந்து தெண்டி வெள்ளம் ஓடிய நாளில் எந்த மீன் பட்டது என்பது பல ஆண்டுகள் சேரும்போது, எந்தச் செயற்கைக்கோளும் தர முடியாத அறிவாக நிற்கும். ஒன்றும் படாமல் திரும்பிய நாளையும் கடலுக்குப் போக முடியாத நாளையும் தவறாமல் எழுத வேண்டும். புயலாலும் கடல் சீற்றத்தாலும் இழந்த நாள்களைக் காட்ட வேறு சான்று கிடையாது.

எடையை மட்டும் பார்த்தால் கணக்கு ஏமாற்றும். எடுத்துக்காட்டாக, ஒரு படகு முன்பு நான்கு மணி நேரத்தில் 40 கிலோ கொண்டுவந்தது, இப்போது எட்டு மணி நேரத்தில் 48 கிலோ கொண்டுவருகிறது என்று வைத்துக்கொள்வோம். எடை கூடியிருக்கிறது, ஆனால் மணிக்கு 10 கிலோவாக இருந்தது 6 கிலோவாகிவிட்டது. வலையின் நீளத்தை இரட்டிப்பாக்கியவருக்கும் இதே கணக்குத்தான். மாதக் கடைசியில் ஒவ்வொரு வலைக்கும் மணிக்கு எத்தனை கிலோ, லிட்டர் எரிபொருளுக்கு எத்தனை கிலோ என்று கணக்கிட்டு, ஏலக்கூடத்தின் சுவரில் எழுதிப் போடுவது நல்லது.

அடுத்தது நீளமும் சினையும். முதலில் மத்தி, கானாங்கெளுத்தி போன்ற இரண்டே வகைகளை எடுத்துக்கொண்டு, வாரம் ஒருமுறை வகைக்கு 30 மீன்களை அளக்கலாம். ஏலத்துக்காகப் பெரிய மீன்களை மேலே அடுக்குவது வழக்கமாதலால் குவியலின் மேற்புறத்திலிருந்து எடுக்காமல், கூடையின் அடி, நடு, மேல் என்று கலந்து எடுக்க வேண்டும். மூக்கின் நுனியிலிருந்து வாலின் நுனி வரை அளந்து எழுதுங்கள். கேரள அரசு மத்திக்கு 10 சென்டிமீட்டர், கானாங்கெளுத்திக்கு 14 சென்டிமீட்டர் என்று பிடிக்கத்தக்க குறைந்த அளவை விதித்திருக்கிறது. நம் கரையின் மீன் எந்த நீளத்தில் முதன்முதலாகச் சினை வைக்கிறது என்று ஊரே கண்டறியும் வரை அந்த அளவுகளைத் தொடக்க அளவாகக் கொள்ளலாம்.

சினையை அறிய ஆய்வுக்கூடம் தேவையில்லை. சந்தையில் நாள் முழுதும் மீன் வெட்டித் தரும் பெண்கள், எந்த வாரத்தில் எந்த மீனில் சினை தொடங்குகிறது, எப்போது முற்றுகிறது, எப்போது வயிறு காலியாகிறது என்பதை எவரையும்விடத் துல்லியமாக அறிவார்கள். இவ்வளவு பெரிய அறிவைக் கேட்டு எழுதிக்கொள்ளாமல் விட்டுவிடுவது வருத்தத்துக்குரியது. சினை இல்லை, சினை இருக்கிறது, முற்றிவிட்டது என்ற மூன்றே நிலைகளாக, அவர்களில் இருவரிடம் வாரந்தோறும் கேட்டு எழுதுங்கள்; அந்த வேலைக்கு ஊர் நிதியிலிருந்து ஊதியம் கொடுங்கள்.

வரைபடம்

கரை, கழி, முகத்துவாரம், பார், சேற்று நிலம், மணல் நிலம் ஆகியவற்றை மூத்தவர்கள் சொல்லச் சொல்ல ஒரு தாளில் வரைந்து, பின்னர்க் கைப்பேசியின் ஜிபிஎஸ் வழியாக இடங்களைச் சரிபார்க்க வேண்டும். படகு ஏற்றும் இடம், வலை பின்னும் இடம், கருவாடு காயவைக்கும் இடம் ஆகியவையும் அதில் இருக்கட்டும். கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையின்படி தயாரிக்கப்படும் வரைபடங்களில் இத்தகைய இடங்கள் விடுபட்டால், பின்னாளில் அங்கே கட்டடமோ சாலையோ வரும்போது மறுத்துப் பேச ஊரிடம் ஆவணம் இருக்காது. கழியில் கையால் தடவி இறால் பிடித்துப் பறியில் (மீன் கூடை) போடும் இருளர் குடும்பங்களும் பெண்களும் பயன்படுத்தும் இடங்களை அவர்களைக் கேட்டே குறிக்க வேண்டும்.

விதிகள்

விதி வகுப்பது இக்கரைக்குப் புதிதன்று. பழவேற்காட்டு ஏரியில் பாடு என்ற முறையில், இறால் படும் இடங்களைச் சீட்டுப் போட்டு முறைவைத்துப் பகிர்ந்துகொள்ளும் வழக்கம் தலைமுறைகளாக இருந்துவருகிறது. நல்ல இடம் ஒருவருக்கே நிலைத்துவிடாமல் சுழல்வதும், ஒரு நாளில் இத்தனை வலைதான் என்ற வரம்பு தானாக அமைவதும் அதன் சிறப்பு. அதே முறை, உரிமைப் பட்டியலில் இல்லாதவர்களை வெளியே நிறுத்தியதால் மோதல்களையும் கண்டிருக்கிறது. புதிதாக விதி செய்யும் ஊர் பாடு முறையின் சுழற்சியை எடுத்துக்கொள்ளட்டும். யாரையும் கேளாமல் அவரைக் கழிக்கும் பழக்கத்தை விட்டுவிடட்டும். ஒரு இடத்தை மூடுவதற்கு முன், அந்த இடத்தை மட்டுமே நம்பியிருப்பவர் யார், அவருக்கு அந்த நாள்களில் என்ன வழி என்ற கேள்விக்கு விடை எழுதாமல் கூட்டத்தை முடிக்கக் கூடாது. படகில்லாதவரின் இடத்தை மூடிவிட்டுப் படகுள்ளவர் காத்திருப்பது நியாயமாகாது.

செவுள் வலையில் கண்ணிதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. ஒரு கண்ணிக்கு ஏற்ற பருமனுள்ள மீனே அதில் சிக்கும். சிறியது நுழைந்து போய்விடும், மிகப் பெரியது முட்டித் திரும்பும். எனவே குறிப்பேட்டில் குஞ்சு மீன் அதிகம் கொண்டுவரும் கண்ணி எதுவென்று தெரிந்ததும், அதை ஒரேயடியாகத் தடை செய்யாமல், கிழிந்த வலைக்குப் பதிலாகப் புது வலை வாங்கும்போது அரை விரல் பெரிய கண்ணி வாங்குவது என்று ஒப்புக்கொள்வது நடைமுறைக்கு ஏற்றது. வலையின் விலை தெரிந்தவர் எவரும் நல்ல வலையைக் கடாசச் சொல்ல மாட்டார்கள்.

தேதிக்குப் பதிலாக அடையாளத்தை வைத்து மூடும் விதியைப் பின்வருமாறு எழுதலாம்: தொடர்ந்து இரண்டு வாரம் அளந்த மீனில் பாதிக்கு மேல் அளவுக்குக் குறைந்ததாக இருந்தால், அந்த வலை அந்த இடத்தில் பத்து நாள்களுக்குப் போடப்படாது, பத்து நாள் கழித்து ஒரே ஒரு படகு சோதனை வலை போடும், அளவு கூடியிருந்தால் திறக்கப்படும். பாதி, பத்து நாள் என்பவற்றை ஊர் தன் அனுபவத்துக்கேற்ப மாற்றிக்கொள்ளலாம், ஆனால் எண்ணை மாற்றுவது கூட்டத்தில் நடக்க வேண்டும், கடலில் நடக்கக் கூடாது. முற்றிய சினை பாதிக்கு மேல் தெரியும் வாரங்களுக்கும் இதே முறையில் ஒரு விதி வைக்கலாம்.

நண்டில் விதி எளிது. வயிற்றுக்கு வெளியே சினை சுமக்கும் பெண் நண்டை உயிரோடு திருப்பிவிட வேண்டும். சினை மஞ்சளாக இருப்பதைவிடக் கருத்துவிட்ட நண்டு பொரிப்புக்கு மிக அருகில் இருப்பதால், அதை எக்காரணத்தைக் கொண்டும் கரைக்குக் கொண்டுவரக் கூடாது. சிக்கிய நண்டைப் பிய்த்து எடுத்தால் கால் முறியும். நூலை அறுத்து விடுவதே சரி, அந்த நூலுக்கு ஊர் நிதி ஈடு கொடுக்கலாம்.

ஜனவரி முதல் மார்ச் வரை பங்குனி ஆமைகள் இக்கரைக்கு முட்டையிட வருகின்றன. 2025 ஜனவரியில் சென்னைக் கரையில் நூற்றுக்கணக்கான ஆமைகள் செத்து ஒதுங்கின. ஆமை மூச்சுவிட மேலே வந்தாக வேண்டும்; ஆகவே அந்த மாதங்களில் வலையை நெடுநேரம் கிடக்கவிடாமல் அடிக்கடி பார்ப்பதே சிறுபடகுக்காரர் செய்யக்கூடிய பெரிய உதவி. மயங்கிய ஆமையைக் கடலில் எறிந்தால் மூழ்கிச் சாகும். குப்புற வைத்து, பின்பகுதியைச் சற்று உயர்த்தி, ஈரத்துணி போட்டு, மூக்கை மூடாமல் நிழலில் வைத்தால் பெரும்பாலும் தெளியும். மணல் சூடேறினால் பொரியும் குஞ்சுகளில் பெண்ணே மிகுதியாகும் என்பதால், முட்டை பாதுகாப்பில் ஈடுபடும் இளைஞர்கள் மணலின் வெப்பத்தையும் குறித்துவைக்கலாம்.

விசைப்படகுகளோடு உள்ள சிக்கலை ஊர் விதியால் தீர்க்க முடியாது. கரையிலிருந்து 5 கடல் மைல், அதாவது ஏறத்தாழ 9 கிலோமீட்டர் வரை விசைப்படகுகள் மீன்பிடிக்கக் கூடாது என்பதும், இழுவை மடியின் (விசைப்படகு இழுத்துச் செல்லும் வலை) கடைப்பகுதியில் 40 மில்லிமீட்டர் சதுரக் கண்ணி இருக்க வேண்டும் என்பதும், இரட்டை மடிக்கு (இரு படகுகள் சேர்ந்து இழுக்கும் வலை) தடை என்பதும் சட்டம். வைரவடிவக் கண்ணி இழுக்கும்போது மூடிக்கொள்ளும், சதுரக் கண்ணி திறந்தே நிற்கும்; குஞ்சு தப்புவது அதனால்தான். மீறலைக் கண்டால் வாய்ச்சண்டையைத் தவிர்த்து, நேரம், ஜிபிஎஸ் இடம், படகின் பதிவு எண், படம் ஆகிய நான்கையும் சேர்த்து மீன்வளத் துறைக்கு எழுத்தில் கொடுத்து, ஏற்புச் சான்று வாங்க வேண்டும். அதோடு காசிமேட்டு விசைப்படகு உரிமையாளர் சங்கங்களோடு ஆண்டுக்கு இருமுறையாவது உட்கார்ந்து பேசுவதையும் வழக்கமாக்க வேண்டும். அந்தப் படகுகளில் வேலை செய்வோரில் பலர் இதே குப்பங்களின் பிள்ளைகள்.

கழி

வெள்ளை இறால் கடலில் முட்டையிடும். குஞ்சு முகத்துவாரம் வழியாகக் கழிக்குள் வந்து வளர்ந்து, மீண்டும் கடலுக்குப் போகும். முகத்துவாரம் மணலால் அடைபட்டால் இந்தப் போக்குவரத்து அறுபடும். எனவே மாதம் ஒருமுறை முகத்துவாரத்தின் அகலத்தையும் ஆழத்தையும் ஒரே இடத்தில், ஒரே ஓத (கடல் ஏற்ற இறக்க) நிலையில் அளந்து எழுதுங்கள். நீரின் சூட்டைச் சாதாரண வெப்பமானியால், ஆலைகள் நீர் விடும் இடத்துக்கு அருகிலும் தொலைவிலும் அளந்தால் போதும். இரண்டுக்கும் உள்ள வேறுபாடே கோரிக்கை மனுவுக்கு வேண்டிய சான்று. எண்ணெய்ப் படலமோ மீன் சாவோ தெரிந்தால், நீரையும் மீனையும் சுத்தமான பாட்டிலில் எடுத்து, நாளும் இடமும் ஒட்டி, ஐஸில் வைத்து, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் மீன்வளத் துறைக்கும் ஒரே நாளில் தெரிவிக்க வேண்டும்.

காக்கா ஆழி படிந்த கயிறு, வலை, படகு எதையும் அப்படியே வேறு நீர்நிலைக்குக் கொண்டுபோகக் கூடாது. தரையில் வைத்துச் சுரண்டி, நன்றாக வெயிலில் காயவைத்து, சுரண்டியதை நீர் எட்டாத இடத்தில் புதைக்க வேண்டும். அதன் ஓடு கையையும் காலையும் கிழிப்பதால், தடவி இறால் பிடிப்போருக்குக் கையுறை வாங்கித் தருவது ஊர்ச் செலவில் முதலில் வர வேண்டியது. கண்டல் (அலையாத்தி மரம்) நடவு நல்லதுதான், ஆனால் இறால் மேயும் திறந்த சேற்றுத் தரையில் கண்டலை நடக் கூடாது. ஏற்கெனவே கண்டல் இருந்து அழிந்த ஓரங்களில் நடுவதே பொருத்தம்.

கடலுக்குப் போகும் நாளும் போகாத நாளும்

ஹைதராபாத்திலுள்ள இந்தியக் கடல்சார் தகவல் சேவை மையம் அலை, காற்று முன்னறிவிப்புகளையும், கடல்மேற்பரப்பின் வெப்பம், பாசியின் நிறம் ஆகியவற்றைக் கொண்டு மீன் திரளக்கூடிய இடங்களின் அறிவிப்பையும் வெளியிடுகிறது. அலை அறிவிப்பை எல்லாப் படகும் கட்டாயம் பார்க்க வேண்டும். மீன் திரளும் இட அறிவிப்பைச் சற்று நிதானத்தோடு பயன்படுத்துங்கள். மேகம் மூடிய நாளில் அது கிடைக்காது. கரையோரச் சிறுபடகுக்கு எட்டாத தூரத்தையும் காட்டும். எல்லாப் படகும் ஒரே புள்ளிக்குப் பாய்ந்தால் மீனும் போகும், எரிபொருளும் போகும். நான்கைந்து படகுகள் சேர்ந்து, முறைவைத்து ஒரு படகு தேடிச் சென்று மற்றவற்றுக்குச் சொல்வது இதைவிடச் சிக்கனமானது.

துறைமுகத்தில் ஏற்றப்படும் புயல் கூண்டின் எண் எத்தனையானால் எந்தப் படகும் இறங்காது, எத்தனையானால் படகுகளும் இயந்திரங்களும் மேட்டுக்கு ஏற்றப்படும் என்பதை முன்கூட்டியே எழுதி ஒட்டுங்கள். 2016-இல் வர்தா புயல் கரையைக் கடந்தபோது கரையில் கிடந்த படகுகளும் வலைகளும் சேதமடைந்தன. எனவே கரையில் ஏற்றி வைத்தாலே படகு தப்பும் என்று எண்ண வேண்டாம். உயிர்காப்பு உடையும், கடலோரக் காவல் படையின் 1554 என்ற எண்ணும் படகுதோறும் இருக்கட்டும்.

கரையில்

பட்ட மீனை வீணாக்காமல் இருப்பதும் மீனைக் காப்பதே. மீனின் எடைக்குச் சமமான ஐஸைப் படகிலேயே போட்டால், குறைந்த மீனிலும் கூடுதல் விலை கிடைக்கும். பருவம் தவறிய மழையில் கருவாடு கெடாமலிருக்க, மணலில் பரப்பாமல் உயரத் தட்டியில் காயவைத்து, மேலே கண்ணாடித் தாள் விரிக்கலாம். குஞ்சு மீனைத் தீவனத் தூளுக்கு வாங்குவோருக்கு ஊர் ஏலக்கூடத்தில் இடம் தருவதில்லை என்று முடிவெடுக்கலாம். அரசு தடைக்கால நிவாரணமாகக் குடும்பத்துக்கு 8,000 ரூபாய் அறிவித்திருக்கிறது. அது யாருக்கெல்லாம் வரவில்லை என்ற பட்டியலையும் குறிப்பேட்டின் கடைசிப் பக்கத்தில் வைத்திருங்கள்.

மறுபார்வை

விதிகளை ஆண்டுக்கு இரண்டு முறை திறந்து பார்க்க வேண்டும்: வடகிழக்குப் பருவமழை ஓய்ந்தபின் ஒருமுறை, ஜூன் 14-க்கு முந்தைய வாரத்தில் ஒருமுறை. விசைப்படகுகள் இறங்கிய பிறகு விலையும் மனநிலையும் மாறிவிடும்; எனவே இரண்டாம் கூட்டத்தைத் தள்ளிப்போடக் கூடாது. மீறியவருக்கான தண்டத்தைச் சிறிதாகவும் எல்லோருக்கும் ஒன்றாகவும் வையுங்கள். நிர்வாகியின் படகுக்கு விலக்களித்த விதியை அடுத்த வாரம் எவரும் மதிக்க மாட்டார்கள். பக்கத்துக் குப்பத்தாரை இந்தக் கூட்டத்துக்கு அழைத்து, ஒரே பாரைப் பயன்படுத்தும் ஊர்களுக்கு ஒரே விதியாக எழுதிக்கொள்ள வேண்டும். குறிப்பேட்டின் மூலத்தைச் சங்க அலுவலகத்திலும், கைப்பேசியில் எடுத்த படிகளை மூவரிடமும் வைத்து, நிர்வாகம் மாறும்போது கையெழுத்திட்டு ஒப்படைக்க வேண்டும். முதல் ஆண்டில் இரண்டு வலை, ஒரு பார், ஒரு கழிப்பகுதி ஆகியவற்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள். வஞ்சிரத்தையும் வௌவாலையும் இரண்டாம் ஆண்டில் சேர்க்கலாம்.